ஆடியோ வெட்டிக் குடுத்த வேலைக்கு முழுக்காசு தரல, கேஸ் போடலாமா?

கேள்வி: நான் தென்னாப்பிரிக்கா டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருக்கேன். வயசானவங்க பேசுன தமிழ் ரெக்கார்டிங்க ஈலான் சாப்ட்வேர்ல வாக்கியம் வாக்கியமா கையாலேயே வெட்டி மார்க் பண்ற வேலை, 2025 ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் 60 மணி நேர ஆடியோ முடிச்சேன். ஆடியோ நிமிஷத்துக்கு 3 ரேண்ட்னு பேச்சு. இப்ப கம்பெனிக்காரங்க, யாரும் பேசாத சைலன்ஸ கழிச்சுட்டோம், பாதி ஃபைல் ரிஜெக்ட்னு சொல்லி 4,200 ரேண்ட் தான் போட்டாங்க, கேட்டா நீ இண்டிபெண்டன்ட் கான்ட்ராக்டர், லேபர் சட்டம் உனக்கு இல்லன்னு சொல்றாங்க. காசு வர்ற வரைக்கும் ஃபைல குடுக்காம வெச்சுக்கலாமா?

பதில்: சகோதரி, கான்ட்ராக்டர்னு பேப்பர்ல எழுதிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு தான் நெறைய பேர் பயந்து விட்டுடறாங்க, தயவுசெஞ்சு நீங்க விட்டுடாதீங்க. 2018 நேஷனல் மினிமம் வேஜ் சட்டத்துல "வொர்க்கர்"னா அடுத்தவங்களுக்கு வேலை செஞ்சு அதுக்கு காசு வாங்குற யாருமே தான், எம்ப்ளாயின்னு பேர் இருக்கணும்னு இல்ல. ஒரு மணி நேர ஆடியோவுக்கு எட்டு மணி நேரம் ஆச்சுன்னு லெட்டர்ல எழுதியிருக்கீங்க, அது நியாயமான கணக்கு தான், ரெண்டு பாட்டிங்க ஒரே நேரத்துல பேசுற இடத்துல எல்லை வைக்க திரும்பத் திரும்ப கேட்டு தானே ஆகணும். அப்படின்னா 480 மணி நேரம். நீங்க வேலை செஞ்சப்ப, 2025 மார்ச் 1லேருந்து வந்த ரேட்படி மணிக்கு 28.79 ரேண்ட் மினிமமா இருந்துச்சு, மொத்தம் 13,819.20. அவங்க ஒத்துக்கிட்ட ரேட்டே முழுசா குடுத்தா கூட 10,800 தான் வருது, அதாவது அந்த ரேட்டே மினிமத்துக்கு கீழ. வந்த 4,200 போக 9,619.20 கேளுங்க.

இத சிசிஎம்ஏ, அதாவது வேலைத் தகராறுகள தீர்த்து வைக்கற சட்டப்படியான அமைப்போட டர்பன் ஆபீஸ்ல போடலாம், ஃபீஸ் கிடையாது. அவங்க கான்ட்ராக்டர் வாதத்த அங்கயும் எடுப்பாங்க, அப்ப லேபர் ரிலேஷன்ஸ் ஆக்ட் 200ஏ பிரிவ சொல்லுங்க: குறைஞ்ச சம்பளக்காரங்கள்ல, கடைசி மூணு மாசம் சராசரியா மாசத்துக்கு 40 மணி நேரம் அதே ஆளுக்கு வேலை செஞ்சவங்கள எம்ப்ளாயின்னே எடுத்துக்கணும், இல்லன்னு நிரூபிக்கிறது அவங்க பொறுப்பு. உங்களுக்கு மாசம் நூத்துக்கு மேல வருது.

சைலன்ஸ் விஷயம் எனக்கு கோவமே வருது. உங்க அக்ரிமெண்ட்ல "ஆடியோ நிமிஷம்"னு தான் இருக்கு, பேச்சு நிமிஷம்னு இல்ல, சந்தேகம் இருந்தா எழுதுனவங்களுக்கு எதிரா தான் அர்த்தம் எடுப்பாங்க, அதோட பேச்சு எங்க முடியுது எங்க தொடங்குதுன்னு கண்டுபிடிக்கறது தானே அந்த வேலையே. ரிஜெக்ட்ட பொறுத்தவரை, எவ்வளவு நேரம் பேச்சு நின்னா வெட்டணும்ங்கற இடைவெளி அளவு 0.3 செகண்ட்னு இருந்தத ஆகஸ்ட்ல 0.5ன்னு மாத்துன வாட்ஸ்அப் மெசேஜ் உங்ககிட்ட இருக்கு இல்லையா, அதுக்கு முன்னாடி குடுத்த ஃபைல புது ரூல வெச்சு தப்புன்னு சொல்ல முடியாது. ரெண்டு கைட்லைனும் அப்லோட் பண்ண தேதியும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, குரூப்லேருந்து தூக்கிட்டா எல்லாம் போயிடும்.

ஃபைல புடிச்சு வெச்சுக்கற ஐடியா மட்டும் வேணாம். அது அந்தப் பெரியவங்களோட குரல், அவங்க குடும்பக் கதை, 2013 போபியா, அதாவது தனிப்பட்ட தகவல் பாதுகாப்பு சட்டப்படி பர்சனல் இன்ஃபர்மேஷன். உங்க பேமெண்ட் சண்டைல அவங்கள இழுக்கக்கூடாது, நீங்களும் மாட்டிக்குவீங்க. ஃபைல் பேர், நீளம், சேவ் பண்ண டைம் இது மட்டும் லிஸ்ட் போட்டு வெச்சா ஆதாரத்துக்குப் போதும்.

சிசிஎம்ஏ வேணாம்னா ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் இருக்கு, 20,000 ரேண்ட் வரைக்கும், வக்கீல் உள்ள வர முடியாது, மொதல்ல 14 நாள் டைம் குடுத்து டிமாண்ட் லெட்டர் அனுப்பணும். ஆனா அங்க அக்ரிமெண்ட் ரேட் பாக்கி 6,600 தான் சுலபமா கேக்க முடியும், அதனால நான் சிசிஎம்ஏ பக்கம் தான் சொல்வேன். பணப் பாக்கிக்கு மூணு வருஷம் டைம் இருக்கு, ஆனா வேலையவிட்டு அநியாயமா நிறுத்திட்டாங்கன்னும் சேத்து கேக்கறதா இருந்தா நிறுத்துன நாள்லேருந்து 30 நாள் தான், ஃபார்ம் காப்பிய கம்பெனிக்கு முதல்ல அனுப்பி, அனுப்புன ஆதாரத்தோட இந்த வாரமே குடுத்துடுங்க.