வளைகுடா விமானத்தின் மலிவுக் கட்டணத்தை நம்பி ஓராண்டு ஒப்பந்தம் போடலாமா?

கேள்வி: பேர்ணாம்பட்டில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்து ஜெர்மனிக்கு அனுப்பும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். அவசர ஆர்டர்களைச் சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு விமானத்தில் அனுப்புவது வழக்கம். வளைகுடா நாட்டு அரசுக்குச் சொந்தமான ஒரு விமான நிறுவனத்தின் கட்டணம் மிகக் குறைவு என்று கூறி, சரக்கு முகவர் ஓராண்டு ஒப்பந்தம் கேட்கிறார். அது மானியத்தால் வந்த மலிவு என்றும், ஒருநாள் தடை வரும் என்றும் ஆம்பூர் நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். கையெழுத்திடலாமா?

பதில்: கையெழுத்திடலாம், ஆனால் முழுச் சரக்கையும் அந்த ஓர் ஒப்பந்தத்தில் கட்டிவிட வேண்டாம். திடீர்த் தடை வரும் என்ற அச்சத்துக்குப் போதிய காரணம் இல்லை. மலிவு எத்தனை காலம் நிற்கும் என்பதையே தாங்கள் யோசிக்க வேண்டும்.

தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு எம்.இ.ஐ.எஸ். என்ற ஏற்றுமதி ஊக்கச் சலுகை நினைவிருக்கும். அது உலக வர்த்தக அமைப்பின் மானிய விதிகளுக்கு முரணானது என்று, அமெரிக்கா தொடுத்த வழக்கில் 2019இல் நடுவர் குழு தீர்ப்பளித்தது. 2021 ஜனவரி முதல் அதன் இடத்தில், ஏற்றுமதிப் பொருளில் சேர்ந்த வரிகளைத் திருப்பித் தரும் ரோடெப் திட்டம் வந்தது. ஆகவே அரசு உதவி பெற்றால் வழக்கு வரும் என்று தங்கள் நண்பர்கள் நினைப்பது இயல்பே. ஆனால் அந்த விதிகள் பொருள்களுக்கு உரியவை. அதே அமைப்பின் சேவைகளுக்கான உடன்படிக்கையோ விமானப் போக்குவரத்து உரிமைகளைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. தாங்கள் தைக்கும் அப்பருக்குக் கிடைக்கும் சலுகையை, அந்த அமைப்பின் தலைமையகம் உள்ள ஜெனீவாவில் கேள்வி கேட்க முடியும். அதைச் சுமந்து செல்லும் விமான நிறுவனத்துக்குக் கிடைக்கும் சலுகையை அங்கே கேட்க முடியாது. இந்த வேறுபாடு நியாயமானதென்று நான் கருதவில்லை. ஆனாலும் இன்றைய நிலை இதுவே.

விமான உரிமைகளை இரு நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களே தீர்மானிக்கின்றன. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கைப்படி, ஒரு நாட்டின் அனுமதியின்றி அந்நாட்டுக்கு வழக்கமான சேவை நடத்த முடியாது. எனவே மானியம் பற்றிய சண்டை எழுந்தால் அது பேச்சுவார்த்தையில்தான் முடிகிறது. 2015இல் டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் ஆகிய மூன்று நிறுவனங்களும், எமிரேட்ஸ், எத்திஹாட், கத்தார் ஏர்வேஸ் ஆகியவை சுமார் 4,200 கோடி டாலர் அரசு உதவி பெற்றதாகக் குற்றம் சாட்டின. வளைகுடா நிறுவனங்கள் அதை மறுத்தன. திவால் சட்டத்தின் மூலம் கடன்களைக் குறைத்துக்கொண்ட அமெரிக்க நிறுவனங்களும் சலுகை பெற்றவையே என்று எமிரேட்ஸ் வாதிட்டது. 2018இல் கத்தாருடனும் அமீரகத்துடனும் அமெரிக்கா புரிந்துணர்வுக்கு வந்தது. கணக்குகளை வெளிப்படையாக வைப்பது அதில் முக்கிய அம்சம். விமானங்கள் நிறுத்தப்படவில்லை. பின்னர் 2020இல் பெருந்தொற்றின்போது ஜெர்மனியின் லுஃப்தான்சா விமான நிறுவனமே 900 கோடி யூரோ அரசு உதவித் திட்டத்தைப் பெற்றது. கைகள் முற்றிலும் சுத்தமாக உள்ளவர் எவரும் இல்லாததால் எவரும் கடுமையாக நடந்துகொள்ளத் தயங்குகிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

மலிவு முழுவதும் மானியத்தால் வந்ததும் அன்று. பயணிகளுக்காக எப்படியும் பறக்கும் பெரிய விமானத்தின் அடிவயிற்றில் இடம் மீதமிருக்கும். அதைக் குறைந்த விலைக்கு விற்றாலும் நிறுவனத்துக்கு லாபமே. அதே காரணத்தால் பயணிகள் விமானம் குறைந்தால் சரக்கு இடமும் குறைந்து விலை ஏறும். மேலும், அரசின் பணம் இருப்பதே நிலைத்தன்மை ஆகிவிடாது. எத்திஹாட் 24 சதவீதப் பங்கு வாங்கியிருந்த ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது.

இந்தியாவில் புகார் செய்ய இயலுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. போட்டிச் சட்டம், 2002இன் 4ஆம் பிரிவின்படி, அடக்க விலைக்கும் கீழே விற்றுப் போட்டியாளரை விரட்டுவது குற்றம். ஆனால் விற்பவர் சந்தையில் ஆதிக்க நிலையில் இருப்பது முதலில் நிரூபிக்கப்பட வேண்டும். பல நிறுவனங்கள் சரக்கு ஏற்றும் சென்னை–ஐரோப்பா தடத்தில் அது எளிதன்று. தங்களைப் போன்றவருக்கு உண்மையான ஆபத்து, நிறுவனங்கள் கூடிப் பேசிக் கட்டணத்தை உயர்த்துவதுதான். சரக்குக்கான எரிபொருள் கூடுதல் கட்டணத்தை அப்படி நிர்ணயித்ததாக ஜெட் ஏர்வேஸ், இண்டிகோ, ஸ்பைஸ்ஜெட் ஆகியவற்றுக்கு 2015இல் இந்தியப் போட்டி ஆணையம் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுக்குப் பின் அந்த வழக்கு மறுவிசாரணைக்கு வந்து, 2018இல் தொகை குறைக்கப்பட்டது.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, வழக்கமான சரக்கில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் அதில் வைத்துக்கொண்டு, மீதியை வேறொரு நிறுவனத்தின் வழியே அனுப்பி வாருங்கள். இடம் பயன்படாவிட்டாலும் பணம் கட்ட வேண்டுமா என்பதையும், எரிபொருள் கூடுதல் கட்டணத்தை முன்னறிவிப்பின்றி மாற்றலாமா என்பதையும் முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எஃப்.ஓ.பி. முறையில் (சரக்கை ஏற்றும் வரையிலான செலவு மட்டுமே விற்பவருடையது) விற்கும் ஆர்டர்களுக்கு விமானத்தைப் பெரும்பாலும் வாங்குபவரே தேர்வு செய்வார். அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தாமதத்துக்காகத் தங்கள் செலவில் அனுப்ப வேண்டி வரும் சரக்குக்கே இந்த ஒப்பந்தம் பயன்படும்.

கட்டணங்களை ஒப்பிடும்போது கன அளவு எடையையும் பாருங்கள். 60×40×40 சென்டிமீட்டர் பெட்டி தராசில் 11 கிலோ காட்டினாலும், நீள, அகல, உயரங்களைப் பெருக்கி 6,000ஆல் வகுக்கும் வழக்கப்படி 16 கிலோவுக்கே கட்டணம் விழும். பெட்டியின் உயரத்தை 5 சென்டிமீட்டர் குறைக்க முடிந்தால் அது 14 கிலோவாகும்.