விளக்கை அணைப்பதும் மின்கட்டணமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிரெதிரே இருக்கும் இரண்டு வீடுகளும் ஒரே அளவு. இரண்டிலும் நான்கு பேர். ஆனால் எதிர்வீட்டைப் போல இரு மடங்கு மின்கட்டணம் எங்களுக்கு வருகிறது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அப்பா வீட்டையே இரண்டாக்கிவிடுவார். சென்ற ஆண்டு ஐந்து நட்சத்திர ஏசியாகப் பார்த்து இரண்டாவது அறைக்கும் வாங்கினோம், கட்டணம் கூடியது. குறை கருவிகளிடமா, எங்களிடமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

இதே கேள்வியை 1970களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் சாக்கலோவும் அவரது குழுவினரும் பல ஆண்டுகள் அளந்து ஆராய்ந்தார்கள். ஒரே வரைபடத்தின்படி கட்டப்பட்ட வீடுகளுக்குள்ளேயே ஒன்றின் செலவு மற்றொன்றைப் போல இரு மடங்காக இருந்தது. பழைய குடும்பம் காலிசெய்து புதிய குடும்பம் வந்தபோது பல வீடுகளில் செலவின் அளவும் மாறிப்போனது. ஆகவே உங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டில் வியப்பில்லை. அதில் பெரும்பங்கு வாழும் முறையைச் சேர்ந்தது.

ஆனால் வாழும் முறை என்றதும் நம் கை விளக்கின் சுவிட்சுக்குத்தான் போகிறது. அறுபது வாட் குண்டு பல்புகளின் காலத்தில் அப்பாவின் கோபத்துக்குக் கணக்கு இருந்தது. இன்றைய 9 வாட் எல்இடி விளக்கு ஒரு நாள் முழுவதும் அணையாமல் எரிந்தாலும் கால் யூனிட்டை எட்டாது. ஒன்றரை டன் ஏசி முழுத்திறனில் ஓடினால் பத்து நிமிடத்துக்குள் அவ்வளவையும் செலவழித்துவிடும். வெளிச்சம் கண்ணில் படுவதால் அதைக் கண்டிக்கிறோம். குளிரவைப்பதும் சூடாக்குவதும் சத்தமில்லாமல் நடப்பதால் விட்டுவிடுகிறோம். அமெரிக்காவில் 2010இல் வெளியான ஓர் ஆய்விலும் மக்கள் பெரிய கருவிகளின் செலவை மிகவும் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இரண்டாவது ஏசி. வீட்டில் ஒரே ஓர் ஏசி இருக்கும்வரை சித்திரை, வைகாசி வெயிலில் குடும்பமே பாயை எடுத்துக்கொண்டு அந்த ஓர் அறைக்கு வந்துவிடும். இடநெருக்கடியும் குறட்டையும் உண்டுதான், ஆனால் நான்கு பேருக்கும் ஒரே கம்ப்ரசர் போதுமாக இருந்தது. இரண்டாவது வந்ததும் ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். 'ஐந்து நட்சத்திரம்தானே' என்ற நிம்மதியில் மாலை ஆறு மணிக்கே போடுகிறார்கள். திறன் கூடக் கூடப் பயன்பாடும் பெருகும் என்று நிலக்கரியை வைத்து ஆங்கிலேயப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865இலேயே எழுதியது உங்கள் மாடியில் நடந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு பழக்கம், ரிமோட்டில் 18 வைப்பது. குழாயைக் கூடுதலாகத் திறந்தால் தண்ணீர் வேகமாக விழுவதுபோல அறை சீக்கிரம் குளிரும் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த எண் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. வெக்கையான அறையில் 18 வைத்தாலும் 24 வைத்தாலும் இயந்திரம் முதலில் தன் முழு வேகத்தில்தான் ஓடும், பிறகு 18ஐத் தேடி விடியவிடிய உழைக்கும். இந்தியாவில் 2020 முதல் அறை ஏசிகள் 24 டிகிரியை இயல்நிலையாக வைத்தே வருகின்றன. அதை மாற்றுவது நாம்தான்.

எதிர்வீட்டார் சிக்கனக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் சுழலும் புதுவகை மோட்டார் கொண்ட பிஎல்டிசி மின்விசிறி 30 வாட் அளவில் நின்றுவிடும். தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கே 32 யூனிட் வித்தியாசம். தவிர, நம் கட்டண முறையில் 500 யூனிட்டைத் தாண்டியவுடன் அதற்குக் கீழே கிடைத்துவந்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. பயன்பாடு இரு மடங்காகாமலே கட்டணம் இரு மடங்காகலாம். எனவே ரூபாயை விட்டுவிட்டு இரண்டு வீட்டு யூனிட்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்பாவோடு வாதாடுவதைவிட அவரது கண்டிப்புக்குச் சரியான வேலை கொடுக்கலாம். இரண்டு மாதம் கழித்து வரும் கட்டணத் தொகை எந்தப் பழக்கத்தால் கூடியது என்று யாருக்கும் தெரிவதில்லை. ஒரு வாரம் படுக்கப்போகும் முன்பும் காலையில் எழுந்ததும் அவரையே மீட்டரைப் பார்த்துக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். இரண்டு ஏசிகளோடு மூன்று இரவுகள், எல்லோரும் ஒரே அறையில் படுத்து நான்கு இரவுகள்.