சாவியை வாங்கும் முன்னர் உறுதியைக் கேளுங்கள்

தலவாக்கலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. கொழும்பு வெள்ளவத்தையில் கட்டப்படும் புதிய அடுக்குமாடித் தொகுதியொன்றின் உச்சி மாடியில், லொஃப்ட் எனப்படும் உள்மேல்தளத்துடன் கூடிய வீடொன்றை 3 கோடி 20 இலட்சம் ரூபாவுக்கு வாங்குவதற்கு அவர் 2021 மார்ச்சில் ஒப்பந்தம் செய்திருக்கிறார். தமது பணிக்கொடை, ஹட்டனில் இருந்த கடையறையை விற்ற பணம், மகளின் நகைகள், கனடாவிலுள்ள தம்பி அனுப்பிய தொகை என எல்லாவற்றையும் சேர்த்து 2 கோடி 72 இலட்சம் செலுத்தியிருக்கிறார். 2023 டிசம்பரில் கையளிக்கப்பட வேண்டிய வீடு கையளிக்கப்படவில்லை. இப்போது, மீதி 48 இலட்சத்தை 30 நாட்களுக்குள் செலுத்திச் சாவியைப் பெற்றுக்கொள்ளுமாறும், வீட்டின் உரிமையை மாற்றும் பத்திரமான உறுதி பின்னர் எழுதித் தரப்படும் என்றும் நிறுவனம் கடிதம் அனுப்பியுள்ளது. விற்பனை அதிகாரியின் மரியாதையற்ற பேச்சு, மாதிரி வீட்டில் காட்டியதற்கு மாறான தரையோடுகள், கடல் தெரியாத பலகணி, தமக்குச் சரளமில்லாத ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தாள்களில் கையொப்பம் வாங்கியமை ஆகியவற்றுக்காகப் பொலிஸில் முறையிடலாமா, ஹட்டன் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாமா, மனவுளைச்சலுக்கு நட்டஈடு கேட்கலாமா என்பவை அவரது கேள்விகள்.

மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். உங்களுக்கு நேர்ந்தது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தரையோடு, கடல் காட்சி, அதிகாரியின் பேச்சு ஆகிய மூன்றையும் இன்றோடு ஒதுக்கி வையுங்கள். உங்கள் பணத்தைக் காப்பாற்றுவதற்கு அவை எள்ளளவும் உதவப்போவதில்லை. நீங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட எழுதாமல், இணைப்பாக மட்டும் அனுப்பிய ஒப்பந்தப் பிரதியின் கடைசிப் பக்கத்தில்தான் உங்கள் வழக்கு முழுவதும் இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் நிறுவனத்தின் நீள்சதுர இறப்பர் முத்திரை இருக்கிறது. 25 ரூபா முத்திரையின் மேல் முகாமையாளரின் கையொப்பம் இருக்கிறது. சாட்சிகளாக இருவர் ஒப்பமிட்டுள்ளனர். இருவரின் முகவரியும் நிறுவனத்தின் முகவரியே. இல்லாதது நொத்தாரிசின், அதாவது காணி உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் அதிகாரம் பெற்றவரின், பங்கு ஒன்றுதான். நொத்தாரிசின் அத்தாட்சியுரையும் இல்லை, உறுதி இலக்கமும் இல்லை. அதாவது, எந்தப் பிரசித்த நொத்தாரிசின் முன்னிலையிலும் இந்த ஒப்பந்தம் கையொப்பமிடப்படவில்லை.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின் 2 ஆம் பிரிவின்படி, காணியையோ அசைவற்ற வேறு ஆதனத்தையோ விற்பதற்கான உறுதி மட்டுமன்றி, விற்பதாக வாக்களிக்கும் உடன்படிக்கையும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒருங்கே இருக்கும்போது கையொப்பமிடப்பட வேண்டும். அவ்வாறு செய்யப்படாத உடன்படிக்கைக்குச் சட்டத்தில் வலுவே இல்லை. ஆகவே, “எனக்கு இந்த வீட்டை எழுதிக் கொடு” என்று அந்த நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் உரிமை, 2 கோடி 72 இலட்சம் செலுத்திய பின்னரும், இன்று உங்களிடம் இல்லை. உங்களிடம் இருப்பது கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை மட்டுமே. வீட்டுக்கான வழக்கு வேறு, பணத்துக்கான வழக்கு வேறு. உங்களுடையது இரண்டாவது வகை. பண வழக்கை வைத்துக் காணிப் பதிவகத்தில் வழக்கு நிலுவை அறிவித்தலை, அதாவது இந்த ஆதனம் பற்றி வழக்கு நடக்கிறது என்ற எச்சரிக்கையை, பதிய முடியாது என்பதால், நீங்கள் வழக்காடிக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டை வேறொருவருக்கு விற்பதற்கு நிறுவனத்துக்குச் சட்டத்தடை எதுவும் இராது.

பொலிஸ் முறைப்பாடு பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஏமாற்றுக் குற்றத்தை நிரூபிக்க, பணம் வாங்கிய அன்றே ஏமாற்றும் எண்ணம் இருந்தது எனக் காட்ட வேண்டும். கட்டடம் எழும்பி நிற்கையில் அது கடினம். இது குடியியல் பிணக்கு என்று கூறி அனுப்பிவிடுவார்கள். ஹட்டனில் வழக்குத் தொடரவும் இயலாது. நிறுவனமும் கட்டடமும் ஒப்பந்தம் கைச்சாத்தான இடமும் கொழும்பில் இருப்பதால் கொழும்புக்குத்தான் போக வேண்டும். ரேரா என்று நீங்கள் குறிப்பிடுவது வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பலர் என்னிடம் அதைக் கேட்கிறார்கள். அது இங்கே செல்லாது.

இனி, சட்டத்தரணியான என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் விழுவதை நான் திரும்பத் திரும்பக் கண்ட குழியைப் பற்றிச் சொல்கிறேன். அது அந்த 30 நாள் கடிதம்தான்.

மீதிப் பணத்தைச் செலுத்திச் சாவியை வாங்கிவிட்டால் பாதி வெற்றி என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். பால் காய்ச்சிக் குடிபுகுந்து, சமையலறை அலுமாரி அடித்து, குளிரூட்டி பூட்டி, மேலும் 20, 30 இலட்சம் செலவழிக்கிறார்கள். சாவி வாங்கிய நாளில் அவர்கள் கையில் இருந்த ஒரே பிடியை, அதாவது நிறுவனத்துக்குத் தேவைப்படும் அந்த மீதிப் பணத்தை, விட்டுவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரியவருகிறது. அதன்பின் நிறுவனத்துக்கு உங்களிடமிருந்து எதுவும் வேண்டியதில்லை. உறுதி எழுதுவதில் அவசரமும் இல்லை. குடியிருப்பது உரிமையாகிவிடாது. 10 ஆண்டுகள் இருந்தால் ஆட்சியுரிமை வந்துவிடும் என்று உங்கள் அயலவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உரிமையாளரின் அனுமதியுடன் குடியிருப்பவருக்கு அந்த வாதம் உதவாது.

உறுதி ஏன் “பின்னர்” என்று கேளுங்கள். 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க அடுக்குமாடி வீட்டு உடைமைச் சட்டத்தின் கீழ், கட்டடத்தைத் தனித்தனி வீடுகளாகப் பிரித்துக் காட்டும் கூட்டாதன வரைபடம் காணிப் பதிவகத்தில் பதியப்பட்ட பின்னரே உங்கள் வீடு தனியான ஓர் ஆதனமாகச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன்னர் அங்கே இருப்பது ஒரு காணியும் அதன்மேல் ஒரு கட்டடமும் மட்டுமே. ஒன்பதாம் மாடி வலப்பக்க வீடு என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. கட்டடம் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படி எழும்பவில்லையெனில் இணக்கச் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் தடைப்பட்டால் வரைபடப் பதிவும் தடைப்படும். பதிவு இல்லையேல் உறுதியும் இல்லை. “பின்னர்” என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கக்கூடும்.

உங்கள் விடயத்தில் எனக்கு மேலும் கவலை தருவது அந்த லொஃப்ட். விளம்பரத் தாளில் 1,450 சதுர அடி என்றும், அதில் உள்மேல்தளமும் சேரும் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த மேல்தளம் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இருக்கிறதா? உயரமான கூரையுடன் அனுமதி பெற்று, பிறகு இடையில் பலகைத்தளம் போட்டு, அதையும் படுக்கையறையாக விற்பதை நான் கண்டிருக்கிறேன். அப்படியானால் சான்றிதழுக்கு இடையூறாக இருப்பது வேறு எவருடைய வீடுமல்ல, நீங்கள் விலைகொடுத்த அதே தளம்தான். பதிவாகும் வரைபடத்தில் அந்தச் சதுர அடிகள் இடம்பெறாமலும் போகலாம்.

அடுத்தது வங்கி. இத்தகைய தொகுதிகள் பெரும்பாலும் காணியை ஈடுவைத்துப் பெற்ற கடனில்தான் கட்டப்படுகின்றன. அந்த ஈட்டு உறுதி உங்கள் ஒப்பந்தத்துக்கு முன்னரே பதிவாகியிருந்தால் வங்கியின் உரிமையே முந்தும். நிறுவனம் கடனைக் கட்டத் தவறினால், 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ், வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானமொன்றை நிறைவேற்றி, நீதிமன்றப் படியேறாமலே காணியை ஏலத்தில் விடலாம். 2024 இல் அந்த அதிகாரம் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டதைக் கேட்டுச் சிலர் நிம்மதியடைந்தார்கள். அது தற்காலிகம் மட்டுமே. ஏலம் வந்தால், உள்ளே குடியிருக்கிறேன் என்று சொல்வதால் பயனில்லை. நிறுவனம் கலைக்கப்பட்டாலோ, பிணையில்லாக் கடன்கொடுநராக நீங்கள் வரிசையின் கடைசியில் நிற்பீர்கள். 2022 நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் விலையேறி எத்தனை கட்டடங்கள் பாதியில் நின்றன என்பதை நீங்களும் கொழும்பில் பார்த்திருப்பீர்கள்.

மூன்றாவது ஆபத்து காலம். வழக்குத் தொடர்வதற்குரிய கால எல்லையை விதிக்கும் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில், எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டுகள், எழுத்தில் இல்லாதவற்றுக்கு 3 ஆண்டுகள். ஒப்பந்தமே வலுவற்றது என்பதால் 3 ஆண்டுகளே பொருந்தும் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நிச்சயம் வாதிடுவார். அந்த 3 ஆண்டுகளை 2023 டிசம்பரிலிருந்து கணக்கிட வேண்டும் என்பது நமது வாதமாக இருக்கும். நீங்கள் பணம் செலுத்திய ஒவ்வொரு நாளிலிருந்தும் கணக்கிட வேண்டும் என்பது அவருடைய வாதமாக இருக்கும். அவருடைய வாதம் எடுபட்டால் 2021 இல் செலுத்திய தொகைகள் ஏற்கனவே காலங்கடந்தவை. “அடுத்த மாதம் முடிந்துவிடும் மேடம்” என்று விற்பனை அதிகாரி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை நம்பிக் காத்திருந்தது இப்படித்தான் உங்களுக்கே பாதகமாகக்கூடும். இதற்குள்ள மருந்து, உங்களிடமிருந்து பெற்ற மொத்தத் தொகையை ஏற்றுக்கொண்டு, பணிப்பாளர் ஒருவர் கையொப்பமிட்ட கடிதத்தை நிறுவனத்திடமிருந்து பெறுவது. வாய்ப்பேச்சு இதற்குப் போதாது, எழுத்தில் வேண்டும். இன்று அவர்களுக்கு உங்கள் 48 இலட்சம் தேவையாக இருக்கும்போது அந்தக் கடிதத்தைக் கேட்டால் தருவார்கள், நாளை தரமாட்டார்கள்.

ஆகவே எனது ஆலோசனை, வழக்கை விட்டு இணக்கத்துக்குப் போங்கள் என்பதே. இது உங்களுக்குக் கசக்கும் என்று தெரியும். நீதி கேட்டு எழுதியவருக்குப் பேரம் பேசச் சொல்கிறேனே என்று நினைக்கக்கூடும். ஆனால் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கும் அதன்பின் மேன்முறையீடும் எத்தனை ஆண்டுகள் இழுக்கும் என்பதை நான் அறிவேன். ஒவ்வொரு தவணைக்கும் தலவாக்கலையிலிருந்து இரவு ரயிலேறி வந்து, இன்னொரு திகதியை வாங்கிக்கொண்டு திரும்பும் முதியவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தோட்டத்து லயத்து அறைக்கு உறுதியில்லாமல் இரு நூற்றாண்டுகள் வாழ்ந்த சமூகத்திலிருந்து வந்த ஒருவர், தம் உழைப்பால் வாங்கும் முதல் வீட்டையும் உறுதியில்லாமல் வாங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

இணக்கத்தில் நீங்கள் கேட்க வேண்டியது, 48 இலட்சத்தைச் செலுத்துவதற்கு முன்னர், உங்கள் நொத்தாரிசின் முன்னிலையில் புதிய விற்பனை உடன்படிக்கை கையொப்பமிடப்பட்டுக் காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும் என்பது. அவர்களுடைய நொத்தாரிசு வேண்டாம். பழைய கொடுப்பனவுகள் அனைத்தும் அதில் தொகையும் திகதியுமாக ஏற்கப்பட வேண்டும். உங்கள் வீட்டை ஈட்டிலிருந்து விடுவிக்க வங்கி எழுத்தில் சம்மதிக்க வேண்டும். வங்கியின் கையொப்பமில்லாமல் “வங்கியுடன் பேசிவிட்டோம்” என்று நிறுவனம் சொல்வதற்கு ஒரு பெறுமதியும் இல்லை. மீதித் தொகையில் பெரும்பங்கு, உறுதி கையொப்பமாகும் அன்று, அதே மேசையில் கைமாற வேண்டும். அன்றைய முத்திரைத் தீர்வைக்கும் பணம் எடுத்துவையுங்கள். முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், எஞ்சியதற்கு 4 வீதம் என்பதால் உங்கள் விலைக்கு அது ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா வரும்.

இவற்றுக்கு நிறுவனம் மறுத்தால், அந்த மறுப்பே கட்டடத்தின் நிலைமையைச் சொல்லிவிடும். அப்போது வீட்டை மறந்துவிட்டுப் பணத்தைக் கேளுங்கள். நீங்கள் செலுத்திய பணத்தை முழுமையாகத் திருப்பித் தர முன்வந்தால் வட்டியையும் தாமத நட்டஈட்டையும் விட்டுவிடுங்கள். தவணை முறையில் தருவதானாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் எழுத்து மூலமான இணக்க உடன்படிக்கையும், ஒவ்வொரு தவணைக்கும் திகதியிட்ட காசோலையும் கையில் இருக்க வேண்டும். காசோலை திரும்பினால், சாதாரண வழக்கைவிட விரைவான சுருக்க நடைமுறையில் வழக்கிடலாம். அது இன்றைய உங்கள் ஒப்பந்தத்தைவிட எத்தனையோ மடங்கு வலுவான ஆவணம். அந்த இணக்கத் தாளில் “இனி எவ்வித உரித்துக் கோரிக்கையும் இல்லை” என்ற வரி இருந்தால், கடைசித் தவணை கிடைக்கும் வரை அது நடைமுறைக்கு வராது என்று சேர்க்காமல் கையொப்பமிட வேண்டாம்.

30 நாட்கள் ஓடிக்கொண்டிருப்பதால் இந்த வாரமே பதிவுத் தபாலில் பதில் அனுப்புங்கள். மீதியைச் செலுத்த ஆயத்தமாக இருப்பதாகவும், உறுதி, வங்கி விடுவிப்பு, இணக்கச் சான்றிதழ் ஆகியவற்றின் நிலையை எழுத்தில் அறிவிக்குமாறும் இரண்டே பந்தியில் எழுதினால் போதும். செலுத்த மறுக்கிறேன் என்ற சொல் அதில் எங்கும் வரக்கூடாது. ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களே என்று காட்ட அவர்கள் காத்திருக்கக்கூடும். ஓடு பற்றியும் ஒரு சொல் வேண்டாம்.

தம்பியின் பணம் பற்றி ஒன்று. அவர் கனடாவிலிருந்து நேரடியாக நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்பிய தொகைகளுக்குப் பற்றுச்சீட்டு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்; அவர் பெயரில் இருந்தால் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்க வேண்டியவர் அவர், நீங்கள் அல்லர். புதிய உடன்படிக்கையில் அவர் பெயரையும் சேர்க்க எண்ணினால், அவர் இலங்கைக் குடியுரிமையை இன்னமும் வைத்திருக்கிறாரா, இல்லையா என்பதை முதலில் எனக்கு அறியத்தாருங்கள். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துவதால், அந்த விடை தெரியாமல் நொத்தாரிசிடம் போக வேண்டாம்.