டார்கெட் நேரத்தில் கத்தும் சூப்பர்வைசர்: ஈக்யூ பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: திருப்பூரில் எங்கள் பின்னலாடை ஏற்றுமதி யூனிட்டில் 240 பேர் வேலை செய்கிறார்கள், ஆறு தையல் லைன். சூப்பர்வைசர்கள் கத்துகிறார்கள் என்று அடிக்கடி புகார் வருகிறது. புதிதாகச் சேரும் டெய்லர்கள் இரண்டு மூன்று மாதத்திலேயே நின்றுவிடுகிறார்கள். சூப்பர்வைசர்களுக்கு ஈக்யூ (உணர்வுசார் நுண்ணறிவு) டெஸ்ட் வைத்து, இரண்டு நாள் அதற்கான பயிற்சி கொடுத்தால் ஆட்கள் வெளியேறுவது பாதியாகக் குறையும் என்கிறது ஒரு மனிதவள ஆலோசனை நிறுவனம். எடுக்கலாமா?

பதில்: டெஸ்ட் வேண்டாம். பயிற்சி வேண்டும், ஆனால் இந்த வடிவில் வேண்டாம். "பாதியாகக் குறையும்" என்ற வாக்குறுதியை நம்பவே வேண்டாம்.

கடைசி விஷயத்தை முதலில் பார்ப்போம். பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளர்களுக்குப் பேச்சுத்திறன், நேர மேலாண்மை, சிக்கல் தீர்த்தல் போன்றவற்றில் பயிற்சி கொடுத்து, அதை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள் அச்சுத அத்வர்யு, நம்ரதா கலா, அனந்த் நிஷாதம் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள். பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித்திறன் மற்றவர்களைவிடக் கணிசமாகக் கூடியிருந்தது. ஆனால் வேலையை விட்டுப் போவதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. அந்தப் பயிற்சி இரண்டு நாளில் முடிந்ததும் அல்ல, பல மாதங்கள் நடந்தது.

இதே துறையில் இன்னொரு சோதனையும் உண்டு. எதிர்பார்த்த அளவு சம்பள உயர்வு வராத சமயத்தில், தொழிலாளர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் வேலை, சம்பளம், சூப்பர்வைசர் பற்றிப் பெயரில்லாமல் கருத்துக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்கள் வேலையை விடுவது, கேட்கப்படாதவர்களைவிட 20 சதவீதம் குறைவாக இருந்தது. உங்கள் தலைவலி ஆள் நிற்காதது என்றால், முதல் செலவு காது கொடுத்துக் கேட்பதற்கு. சூப்பர்வைசர் பயிற்சி அதற்கு அடுத்தது.

டெஸ்ட் ஏன் வேண்டாம்? உளவியலாளர்கள் பீட்டர் சலோவே, ஜான் மேயர் இருவரும் 1990இல் உணர்வுசார் நுண்ணறிவு என்ற கருத்தை முன்வைத்தபோது அதை ஒரு திறனாகத்தான் பார்த்தார்கள். எதிரில் இருப்பவரின் உணர்வைக் கண்டுகொள்வது, அது ஏன் வந்தது என்று புரிந்துகொள்வது, தன் உணர்வைக் கையாள்வது எல்லாம் அதில் அடக்கம். திறனைச் செய்துகாட்டச் சொல்லித்தான் அளக்க முடியும். சந்தையில் விற்கும் பெரும்பாலான ஈக்யூ டெஸ்டோ "நான் கோபத்தைக் கட்டுப்படுத்துவேன்: ஆம் / இல்லை" வகை. லைனில் அதிகம் கத்துபவரும் ஆம் என்றுதான் டிக் போடுவார். அந்த மதிப்பெண் ஒருமுறை ஃபைலில் ஏறிவிட்டால், அடுத்த இன்கிரிமென்ட்டிலோ ஆள்குறைப்பிலோ யாராவது அதை எடுத்துக் காட்டாமல் இருக்க மாட்டார்கள்.

ஆலோசகரைக் கூப்பிடும் முன் நீங்களே செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, கடந்த 12 மாதத்தில் நின்றவர்களின் பட்டியலை லைன் வாரியாகவும், சேர்ந்து எத்தனை நாளில் போனார்கள் என்றும் பிரியுங்கள். ஆறு லைனிலும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால், காரணம் சூப்பர்வைசராக இருக்க வாய்ப்புக் குறைவு. பீஸ் ரேட் (பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி), ஹாஸ்டல், வண்டி, சாப்பாடு பக்கம் பாருங்கள். ஒன்றிரண்டு லைனில் மட்டும் இரண்டு மடங்கு என்றால் அங்கே சூப்பர்வைசர் காரணமாக இருக்கலாம். "இருக்கலாம்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். அடிக்கடி ஸ்டைல் (தைக்கும் ஆடையின் மாடல்) மாறும் லைனிலும், புது ஆட்களை மொத்தமாகத் தள்ளிவிடும் லைனிலும் யார் சூப்பர்வைசராக இருந்தாலும் ஆள் நிற்பது கடினம்.

இரண்டாவது, இரண்டு வாரம் சத்தம் எழும்போதெல்லாம் மூன்று விஷயம் மட்டும் குறித்துவையுங்கள்: மணி, லைன், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. பெயர் எழுத வேண்டாம். வழக்கமாக ஒரு வடிவம் தெரியும். மணிக்கு மணி எத்தனை பீஸ் முடிந்தது என்று போர்டில் எழுதும் நேரம், சம்பளம் போட்ட மறுவாரம் ஆள் குறையும் காலை, புது ஸ்டைல் ஏறும் முதல் நாள், ஷிப்மென்ட்டுக்கு முந்தைய இரவு. புது ஸ்டைலின் முதல் நாளுக்கும் முழு டார்கெட் எழுதி வைத்திருந்தால் கோளாறு பிளானிங்கில் இருக்கிறது. அதைச் சூப்பர்வைசரின் மனசைத் திருத்திச் சரிசெய்ய முடியாது.

கத்தல் எங்கே பிறக்கிறது என்பதையும் பாருங்கள். சூப்பர்வைசர்களில் பலர் நேற்றுவரை நல்ல டெய்லர்கள். கை வேகம் பார்த்து பதவி கொடுத்தோம், ஆளை நடத்தும் வேலையை யாரும் சொல்லித்தரவில்லை. பதினொரு மணிக்குப் போர்டில் 60 வர வேண்டிய இடத்தில் 41. புரொடக்ஷன் மேனேஜர் லைன் நடுவிலேயே நின்று "என்னய்யா கிழிக்கிறே?" என்கிறார். அடுத்த நிமிஷம் அதே வார்த்தை, பீஸ் தேங்கி நிற்கும் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தலையில் இறங்குகிறது. ஆகவே முதல் பயிற்சி புரொடக்ஷன் மேனேஜருக்கு. கணக்கைக் கேட்பதை லைனுக்கு வெளியே வைத்துக்கொள்ளட்டும், "ஏன் குறைவு?" என்பதற்குப் பதில் "எந்த ஆபரேஷன்ல நிக்குது, யாரை அனுப்பட்டும்?" என்று கேட்கட்டும். காசு செலவில்லாத இந்த மாற்றத்துக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும். முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும்.

சூப்பர்வைசர்களுக்கு வாரம் ஒருமுறை 90 நிமிடம், எட்டு வாரம், ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். சம்பள நாளிலும் ஷிப்மென்ட் வாரத்திலும் வைக்காதீர்கள், உடல்தான் வகுப்பில் இருக்கும். ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு தருணம்: தப்புப் பீஸ், திடீர் லீவு, ஓவர்டைம் கேட்பது, புது ஆளின் முதல் நாள். பயிற்சியாளர் நடுவாரத்தில் ஒருமுறை லைனுக்கு வந்து, ஒவ்வொருவருடனும் 20 நிமிடம் நின்று பார்க்க வேண்டும். இரண்டு நாள் ஹோட்டல் வகுப்பில் இல்லாதது இந்தப் பகுதிதான்.

தப்புப் பீஸையே எடுத்துக்கொள்வோம். ஓவர்லாக் மெஷினில் தோள்பட்டைத் தையல் விட்டு விட்டு வருகிறது. "கண்ணு தெரியலையா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டால், அடுத்த முறை அந்த அக்கா தப்புப் பீஸைக் கட்டின் அடியில் வைத்துவிடுவார். அது செக்கிங்கில்தான் தெரியும், அதற்குள் ஐம்பது பீஸ் ஓடியிருக்கும். மாறாக, பக்கத்தில் குனிந்து, பீஸைக் காட்டி, "அக்கா, இங்க தையல் விடுது பாருங்க. எப்ப இருந்துங்க வருது? ஊசி மாத்திப் பார்த்துட்டீங்களா?" என்றால் பதில் வரும். ஊசி வளைந்திருக்கலாம், லூப்பர் டைமிங் தப்பியிருக்கலாம், மெக்கானிக் சொல்லியும் வராமல் இருந்திருக்கலாம். வகுப்பில் இதைச் சொல்லித்தருவது போதாது. சூப்பர்வைசரே டெய்லராக உட்கார்ந்து, இன்னொருவர் தன்னைத் திட்டுவதைக் கேட்டு, பிறகு மாற்றிப் பேசிப் பழக வேண்டும். முதல் வாரம் சிரிப்பும் கூச்சமுமாகத்தான் இருக்கும், விடாதீர்கள்.

"கோபம் வந்தால் பத்து வரை எண்ணுங்கள்" என்பது மெஷின் சத்தத்தில் நிற்காது. உடலோடு சேர்ந்த பழக்கம்தான் நிற்கும்: போர்டு பார்த்ததும் நேராக ஆளிடம் போகாமல் லைனை ஒருமுறை முழுதாக நடந்துவிட்டுப் போவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது. ஒடிசா, பிகார் தம்பிகளை "ஏ இந்தி" என்று கூப்பிடும் வழக்கத்தை முதல் வாரமே நிறுத்துங்கள்.

கருத்துக் கேட்பது தனி வேலை. ஆறு கேள்விக்கு மேல் வேண்டாம். தமிழிலும் இந்தியிலும், ஒடியா பேசுபவர்கள் இருந்தால் ஒடியாவிலும் தாள் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களிடம் வெளியாள் ஒருவர் வாய்மொழியாகக் கேட்கட்டும். சூப்பர்வைசர் கையால் தாள் வாங்கவே கூடாது. பத்து நாளுக்குள் "கேட்டீர்கள், இதைச் செய்தோம், இதை இப்போது முடியாது" என்று நோட்டீஸ் போர்டில் போடுங்கள். போடாவிட்டால் அடுத்த முறை தாள் வெறுமையாக வரும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: யார் வந்து நடத்துவார் என்பது பெயரோடு (பேசிப் போகிறவர் ஒருவர், வகுப்பெடுப்பவர் வேறொருவர் என்பது வாடிக்கை), லைனில் நிற்கும் மணி நேரம், தனிநபர் பற்றி நிர்வாகத்துக்கு அறிக்கை தரக் கூடாது என்ற நிபந்தனை, கடைசித் தவணை பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்து. முதலில் மூன்று லைனுக்கு மட்டும் கொடுங்கள். எந்த மூன்று என்று சீட்டுக் குலுக்கி எடுங்கள், மோசமான லைனாகப் பார்த்து எடுத்தால் ஒப்பிட முடியாது. 90 நாளுக்குள் நின்றவர்கள், லீவு, ஆல்டர் (திருத்தத்துக்குத் திரும்பும் பீஸ்) சதவீதம் மூன்றையும் ஆறு லைனிலும் முன்னும் பின்னும் எழுதிவையுங்கள். வகுப்பு முடிவில் நிரப்பும் "மிக நன்று" தாளை வைத்துப் பணம் கொடுக்காதீர்கள்.

ஒரு எல்லை உண்டு. தொடுவது, ஆபாசப் பேச்சு, இரட்டை அர்த்தம் எதுவும் பயிற்சிக்கு உரிய விஷயம் இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி இருக்க வேண்டிய உள்ளகக் குழுவுக்குப் போக வேண்டியவை அவை. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் தராமல் இருப்பதும், கட்டாயப்படுத்தி நிறுத்திவைப்பதும் பயிற்சிக்கு உரியவை இல்லை. அவற்றைக் குறைதீர் குழுவில் வைத்துத் தீருங்கள். ஆலோசகர் இவற்றையும் "மனப்பான்மைப் பிரச்சினை" என்று பயிற்சிக்குள் இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

எட்டு வாரத்துக்குப் பிறகும் மாறாத சூப்பர்வைசர் ஒருவராவது இருப்பார். வேலையை விட்டு அனுப்ப அவசரப்பட வேண்டாம். தையலில் கெட்டிக்காரராக இருந்தால் சாம்பிள் பிரிவுக்கோ தரக் கட்டுப்பாட்டுக்கோ சம்பளம் குறையாமல் மாற்றுங்கள். மாற்றும் முன் தனியாக உட்கார வைத்துக் காரணத்தைச் சொல்லுங்கள். லைன் ஆட்கள் வாய் வழியாக அவருக்குத் தெரியவரக் கூடாது.