உணவகத்தில் உட்கார மறுக்கும் ஐந்து வயது மகன்

வணக்கம். தோசை வருவதற்குள் மகன் மேசைகளுக்கு இடையே ஓடத் தொடங்குவதாகவும், கைப்பேசியைக் கொடுத்தால்தான் உட்காருவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவன் ஓடும் அதே வழியில்தான் பரிமாறுபவர் கொதிக்கும் சாம்பார் வாளியுடன் வருகிறார் என்பதால், இதை வெறும் குறும்பு என்று விட்டுவிட வேண்டாம். அந்தக் காரணத்தைப் புறப்படும் முன் வீட்டிலேயே, அவனுக்குப் புரியும்படி சொல்லுங்கள். எல்லார் முன்னிலையிலும் அதட்டுவது அவனைக் கூனிக் குறுக வைக்குமே தவிர எதையும் கற்பிக்காது.

அந்த வயதில் பசியோடு அரை மணி நேரம் காத்திருப்பது மிகவும் கடினம். ஆகவே கூட்டம் சேரும் ஞாயிறு இரவைத் தவிர்த்து, மாலை 6 மணிவாக்கில் சென்று, உட்கார்ந்தவுடன் அவனுக்கு மட்டும் முதலில் இரண்டு இட்லி சொல்லிவிடுங்கள். கைப்பேசிக்குப் பதிலாக வேலை கொடுங்கள்: இலை போடும் கடையாக இருந்தால், நுனி இடப்பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது, தண்ணீர் தெளித்துத் துடைப்பது, வேண்டியதை "அண்ணா, கொஞ்சம் சட்னி வைங்க" என்று தானே கேட்பது, போதுமென்றால் இலைக்கு மேல் கையை நீட்டிக் காட்டுவது. என் மகள் இப்படிக் கேட்டு வாங்கத் தொடங்கிய பிறகுதான் இருக்கையை விட்டு இறங்குவதை நிறுத்தினாள். அப்படியும் அவன் அடம்பிடித்தால், வாசலுக்கு அழைத்துச் சென்று, அழுகை அடங்கியதும் திரும்ப அழைத்து வாருங்கள்.