ஒரு நகராட்சி மன்றமும் அதன் தலைவரும் வருஷம் முழுக்க என்னதான் செய்கிறார்கள்?

கேள்வி போட்டவர் கீழே விளக்கமும் சேர்த்திருக்கிறார்: "மாதம் ஒரு கூட்டம், டீ, வடை, மேசையைத் தட்டுவது, இதைத் தவிர மேயரும் கவுன்சிலர்களும் என்ன கிழிக்கிறார்கள்? எங்கள் தெருக் கால்வாய்க்கு யாரைப் பிடிப்பது?" டீயும் வடையும் உண்மைதான், மறைப்பதற்கில்லை. நான் பழைய வட ஆற்காடு மாவட்டத்து (வேலூர் பக்கம்) நகராட்சி ஒன்றில் மன்றப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அஜெண்டா தயாரிப்பதும், தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதும்தான் என் பிழைப்பாக இருந்தது. ஊர் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எனக்குப் பென்ஷன் ஃபைல் இருக்கிறது.

முதல் விஷயம், நகராட்சித் தலைவரான சேர்மனாகட்டும் மாநகராட்சித் தலைவரான மேயராகட்டும், நீங்கள் நினைக்கிற அளவு அதிகாரம் அவர் கையில் கிடையாது. நிர்வாகம் அரசு அனுப்பும் அதிகாரியான ஆணையாளருடையது. தலைவர் கூட்டத்தை நடத்துவார், மன்றம் அனுமதி கொடுக்கும் அல்லது ஒத்திவைக்கும். ஆகவே தலைவரின் வேலையில் முக்கால்வாசி விரட்டுவதுதான். தண்ணீர் குறைந்தால் குடிநீர் வடிகால் வாரியம், கம்பத்தில் மின்சாரம் இல்லையென்றால் மின்வாரியம், பள்ளம் விழுந்த ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, ஏரியோ நீர்வளத் துறையுடையது. ஜனங்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை, சேர்மன் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, ஓட்டு அவருடைய கட்சிக்குத்தானே போட்டார்கள்.

மன்றம் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், இரண்டையும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டு நகரங்களில் 2022 வரை தேர்தலே நடக்கவில்லை, மன்றத்தின் இடத்தில் அரசு உட்கார வைத்த தனி அலுவலர் ஆட்சிதான். எங்கள் ஊரில் ஆணையாளரே தனி அலுவலர். அலுவலகக் குறிப்பை மன்றத்தின் அனுமதிக்கு வைப்பவரும் அவரே, "அனுமதிக்கப்பட்டது" என்று கையெழுத்துப் போடுபவரும் அவரே. கூட்டம் என்று பெயர், ஆனால் அறையில் அவரும் நாங்களும் மட்டும்தான். வேலை வேகமாக நடந்தது என்று சிலர் சொல்வார்கள். நடந்தது, ஆனால் எந்தத் தெருவில் நடக்கவில்லை என்று எழுந்து நின்று சொல்வதற்கு ஆள் இல்லை.

அப்புறம் 2022 பிப்ரவரி 19இல் வாக்குப்பதிவு, மார்ச் 4இல் கவுன்சிலர்கள் கூடி மேயர்களையும் தலைவர்களையும் தேர்ந்தெடுத்தார்கள். (2011இல் நாமே நேரடியாக மேயருக்கு ஓட்டுப் போட்டோம், இப்போது கவுன்சிலர்கள் வழியாகத்தான்.) வேலூர் மாநகராட்சியில் 60 வார்டு, 4 மண்டலம். 37ஆவது வார்டில் திருநங்கை கங்கா நாயக் ஜெயித்து உள்ளே போனது அப்போது பெரிய செய்தி.

புது மன்றங்களின் அஜெண்டாவில் வந்த முதல் பெரிய பொருள் எது தெரியுமா? சொத்து வரி உயர்வு. மாலையும் சால்வையும் வாடவில்லை, அதற்குள் வீடுகளுக்கு 600 சதுர அடிக்குள் என்றால் 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 என்று அரசு சொன்ன உயர்வுக்குத் தீர்மானம் போட வேண்டியதாயிற்று. மத்திய அரசிடமிருந்து 15ஆவது நிதிக்குழு மானியம் வரவேண்டுமானால் வரியை உயர்த்தியே ஆக வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். ஓட்டுக் கேட்டுப் போன அதே தெருவில் இரண்டே மாதத்தில் வரி ஏற்றிய ஆளாக நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேல்மட்டத்தில் முடிவாகி, மன்றத்தில் கையெழுத்தாகி, திட்டு மட்டும் கவுன்சிலருக்கு விழுகிற சங்கதிகள் வருஷத்தில் பல உண்டு.

கூட்டத்தைப் பற்றி. நீங்கள் செய்தியில் பார்ப்பது வெளிநடப்பும் கூச்சலும். உண்மையில் அறுபது எழுபது பொருள் உள்ள அஜெண்டாவை அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். நம்பரை வாசிப்போம், "ஆல் பாஸ்" என்று ஒரு குரல் வரும், மேசை தட்டுவார்கள், முடிந்தது. சண்டை வரும் இடம் அஜெண்டாவில் இல்லாத விஷயத்தில்தான். இன்னொன்று, எதிர்க்கட்சியைவிட சேர்மனுக்குத் தலைவலி கொடுப்பது பெரும்பாலும் அவர் கட்சியின் இன்னொரு கோஷ்டி. அஜெண்டாவில் நீங்கள் கவனிக்க வேண்டியது "அவசர அவசியம் கருதி தலைவரின் முன் அனுமதி பெற்று மேற்கொள்ளப்பட்ட பணி" என்று தொடங்கும் பொருள்களை. வேலை முடிந்த பிறகு மன்றத்தின் பின்னேற்புக்கு, அதாவது நடந்து முடிந்ததற்கு ஒப்புதல் வாங்க வரும். மோட்டார் எரிந்தால் கூட்டம் கூடும் வரை காத்திருக்க முடியாது, நியாயம்தான். ஆனால் ஒரு மன்றத்தில் பாதிப் பொருள் அப்படியே வருகிறது என்றால் அங்கே கவுன்சிலர்கள் தூங்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் கவுன்சிலர் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்மன் மேசையில் வைத்தார். மஞ்சளாக, அடியில் கறுப்பாகக் கொஞ்சம் படிந்திருந்தது. "இன்னா சார், எங்க வார்டு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றார். பொறியாளர் வழக்கம்போல "மெயின் லைன் உடைப்பு, சரி செய்யப்படும்" என்றார். சேர்மன் அன்று எதுவும் பேசவில்லை, மறுநாள் காலையில் தண்ணீர் விடும் நேரத்துக்கு அந்தத் தெருவுக்கே போய்விட்டார், என்னையும் வரச் சொன்னார், எதற்கென்று அப்போது தெரியவில்லை. மெயின் லைன் நன்றாகத்தான் இருந்தது. பழுது வீட்டு இணைப்புகளில். அந்தக் காலத்தில் போட்ட இரும்புக் குழாய்கள், தெருவோரக் கால்வாயின் உள்ளேயே குறுக்காக ஓடி வீட்டுக்குள் போகின்றன. கால்வாய்த் தண்ணீரில் ஊறி ஊறித் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது. தண்ணீர் விடும்போது அழுத்தத்தில் வெளியே கசியும், வால்வை மூடியதும் குழாய் உள்ளே இழுக்கும், கால்வாயில் இருப்பது உள்ளே போகும். அடுத்த முறை திறந்ததும் முதல் அரைக் குடம் அதுதான்.

இதற்கு என்ன வழி? குழாயைக் கால்வாய்க்கு மேலே தூக்கிப் புதுசாகப் போட வேண்டும். ஆனால் மெயினிலிருந்து வீடு வரை உள்ள இணைப்பு வீட்டுக்காரர் செலவு. அந்தத் தெருவில் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள். நகராட்சிப் பொது நிதியில் எடுத்துச் செய்தால் தணிக்கையில் கேள்வி வரும். அதற்குத்தான் சேர்மன் என்னை அழைத்திருந்தார். கால்வாய் மராமத்து எஸ்டிமேட்டிலேயே "குறுக்கிடும் குழாய்களை மாற்றி அமைத்தல்" என்று சேர்த்துப் பொருள் எழுதச் சொன்னார். கால்வாய் நகராட்சியுடையது, அதன் மராமத்துக்குக் குறுக்கே நிற்கும் குழாயை மாற்றுவது அந்த வேலையிலேயே அடங்கும். பொறியாளர் முகம் சுளித்தார், ஆனால் கையெழுத்துப் போட்டார். திறப்பு விழாக் கல்வெட்டு, ரிப்பன், போட்டோ எதுவும் இல்லை. என்னைக் கேட்டால் அந்த வருஷத்தில் அந்த மன்றம் செய்த உருப்படியான வேலை அதுதான்.

தண்ணீர் எங்கள் பக்கம் பெரிய கதை. பாலாற்றில் தண்ணீர் ஓடுவதைவிட ஓடாத நாட்களே அதிகம். மேட்டூர் பக்கத்திலிருந்து காவிரித் தண்ணீரைக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வேலூருக்கும் சுற்றியுள்ள நகராட்சிகளுக்கும் கொண்டு வந்த பிறகுதான் கோடையில் குடத்தோடு மறியல் குறைந்தது. நின்றுவிடவில்லை. அத்தனை தூரம் வருகிற குழாயில் எங்காவது உடைப்பு என்றால் இரண்டு மூன்று நாள் போய்விடும். கத்திரி வெயில் காலத்தில் சேர்மனின் காலை நான்கு மணிக்கு வால்வு திறக்கும் ஊழியரோடு தொடங்கும். எந்தத் தெருவுக்கு எவ்வளவு நேரம் என்பது அந்த ஊழியர் கையில் இருக்கும் சாவியைப் பொறுத்தது. அவருக்கு ஆயிரம் பேர் சொந்தக்காரர்.

கோடை முடிந்து ஜூனில் நகராட்சிப் பள்ளிகள் திறப்பு, ஜூலை ஆகஸ்டில் கொசுப்புழு பார்க்கும் பணியாளர்கள், வருஷம் முழுக்க இடையிடையே திருவிழாக்கள். குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவோ, பாலாற்றங்கரை மயானக் கொள்ளையோ, முந்தின நாள் தண்ணீர்த் தொட்டி, மறுநாள் விடியற்காலையில் தூய்மைப் பணியாளர்கள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அள்ளவில்லையென்றால் மட்டும் பேசுவார்கள்.

ஒரு தலைவரை எடைபோட வேண்டுமானால் செப்டம்பரில் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கால்வாய் தூர் வாரும் மாதம் அது. சேற்றை அள்ளிக் கரையில் வைப்பார்கள், ஈரம் வடிந்து காய்ந்தால்தான் லாரியில் ஏற்ற முடியும். சரியான நேரத்தில் தொடங்கினால் காய்ந்து போய்ச் சேரும். அக்டோபரில் தொடங்கினால் அடுத்த மழை அதை அப்படியே திரும்ப உள்ளே தள்ளிவிடும், பில் மட்டும் பாஸாகியிருக்கும். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி கௌண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்து குடியாத்தம் பட்ட பாடு நினைவிருக்கும். ஆற்றையும் காட்டோடையான கானாற்றையும் ஆக்கிரமிப்பு இல்லாமல் வைப்பது நகராட்சி மட்டும் செய்கிற காரியம் இல்லை. ஆனால் கடைக்காரர் கால்வாய் மேல் போட்ட பலகைக் கல்லை எடுக்க வைப்பது சேர்மனால் முடியும். அந்தக் கடைக்காரர் கட்சிக்கு நன்கொடை கொடுத்தவராகவும் இருப்பார். அங்கேதான் தெரியும் ஆள் எப்படி என்று.

மேற்பார்வை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் வேலூரே உதாரணமாகி ஊர் சிரித்தது. 2022 ஜூனில் தெருவில் நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமலேயே அதன் சக்கரத்தைச் சுற்றி சிமென்ட் சாலை போட்டார்கள். சில வாரங்களில் சத்துவாச்சாரி பக்கம் அடிபம்பைச் சேர்த்தே கால்வாய்க்கு கான்கிரீட் போட்டார்கள். இரண்டு போட்டோவும் நாடு முழுக்கச் சுற்றின. ஒப்பந்ததாரரை எல்லோரும் திட்டினார்கள், சரிதான். ஆனால் ராத்திரியில் கான்கிரீட் கொட்டும்போது பக்கத்தில் நிற்க வேண்டிய ஓவர்சீயர் எங்கே, அந்த வார்டில் நாளைக்கு வேலை என்று தெருவுக்கு யார் சொன்னார்கள்? 2011இல் தனி நகராட்சிகளாக இருந்த சத்துவாச்சாரி, தாராபடவேடு எல்லாம் மாநகராட்சியில் சேர்ந்தன. நிதி பெரிதாயிற்று, ஸ்மார்ட் சிட்டிப் பணமும் வந்தது. ஒரு தெருவுக்கும் மேயர் நாற்காலிக்கும் இடையில் இருந்த தூரமும் பெரிதாயிற்று. இது என் கருத்து, மறுப்பவர்கள் இருப்பார்கள்.

பிப்ரவரி, மார்ச் வசூல் மாதம். வரி பாக்கிக்கு நோட்டீஸ், குடிநீர் இணைப்பு துண்டிப்பு, பஸ் ஸ்டாண்ட் கடை வாடகை பாக்கி, ஏலம், பட்ஜெட். நகராட்சியின் சொந்த வருமானம் சம்பளம், பென்ஷன், மின் கட்டணம், வாரியத்துக்குத் தண்ணீர்ப் பணம் என்று போய்விட்டு, மாசக் கடைசியில் சம்பளக்காரன் பர்ஸ் மாதிரிதான் இருக்கும். புது ரோடு வேண்டுமென்றால் சென்னைக்கு ஃபைல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நகராட்சித் தலைவருக்கு மாதம் 15,000, மேயருக்கு 30,000 மதிப்பூதியம், அதுவும் 2023இல்தான் அறிவித்தார்கள். தேர்தலில் செலவழித்ததை எப்படி எடுப்பார்கள் என்று கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும்.

இனி உங்கள் கால்வாய். அடைப்பு என்றால் சுகாதார ஆய்வாளர், அவருக்குக் கீழே உள்ள மேஸ்திரி. சுவர் இடிந்திருந்தால் பொறியியல் பிரிவு. மெயின் ரோட்டோரம் என்றால் அது நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று முதலில் விசாரியுங்கள், பாதி மனுக்கள் அங்கேதான் தொலைகின்றன. எழுத்தில் கொடுத்து தபால் பிரிவில் சீல் வாங்குங்கள். 2022இல் வந்த விதிகளின்படி வார்டு குழு, பகுதி சபை என்று இருக்கின்றன, அந்த வருஷம் நவம்பர் 1இல் முதல் முறையாகக் கூட்டினார்கள். உங்கள் வார்டில் கூட்டுகிறார்களா என்று கேளுங்கள், போனால் பத்துப் பேர்தான் இருப்பார்கள், நீங்கள் சொல்வது காதில் விழும். புது வேலை என்றால் அஜெண்டா தயாராகும் முன்பே கவுன்சிலர் கையில் மனு இருக்க வேண்டும், கூட்டத்தன்று காலையில் கொடுத்துப் பயனில்லை. பாதி இடங்கள் பெண்களுக்கு, அதனால் நீங்கள் அடிக்கும் நம்பரை எடுப்பது பல இடங்களில் கவுன்சிலரின் கணவராக இருக்கும், "நான்தான் பார்க்கிறேன், சொல்லுங்க" என்பார். அவரிடம் சொல்லாதீர்கள். மன்றத்தில் எழுந்து கேட்கப்போவது அவர் இல்லை. "அக்காகிட்ட போனைக் கொடுங்க" என்று கேளுங்கள்.