ஆப்பிரிக்காவைப் படித்துவிட்டு என் மகள் என்ன செய்வாள்?

அம்மா, நீங்கள் அனுப்பிய குரல்பதிவை இரண்டு முறை கேட்டேன். உங்கள் மகள் பள்ளி இறுதித் தேர்வான எச்எஸ்சி முடித்துவிட்டாள், ஆப்பிரிக்கவியல் படிக்கப்போகிறேன் என்கிறாள், அவள் அப்பா கணக்காளர் ஆவதற்கான ஏசிசிஏ தேர்வு தவிர வேறு பேச்சே வேண்டாம் என்கிறார், நடுவில் மாட்டிக்கொண்டு உங்களுக்குத் தூக்கம் இல்லை. மொரீஷியஸில் இப்படி எத்தனையோ வீடுகள், கவலைப்படாதீர்கள்.

முதலில் இந்தப் படிப்பு என்ன என்று பார்ப்போம். உலகின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அதன் மொழி, வரலாறு, சமயம், அரசியல், பொருளாதாரம் எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பது. பொழுதுபோக்குக்காக வந்தது இல்லை. லண்டனில் ஆசிய, ஆப்பிரிக்கப் படிப்புகளுக்கான சோயாஸ் கல்லூரியை 1916-இல் தொடங்கியதே பிரிட்டிஷ் பேரரசின் அதிகாரிகளுக்கு ஆளும் நாடுகளின் மொழி தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா 1958-இல் சட்டம் போட்டு இந்தத் துறைகளுக்குப் பணம் கொடுத்தது. அந்த நோக்கமெல்லாம் நல்லதா என்பது வேறு கதை, உங்கள் மகளே முதல் ஆண்டில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதுவாள்.

நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: எத்தனை ஆண்டு மொழி கற்றுத்தருகிறார்கள்? அந்த நாட்டில் போய்த் தங்க வைக்கிறார்களா? மொழியே இல்லாமல், ஆங்கிலப் புத்தகங்களை மட்டும் படிக்கவைத்துப் பட்டம் தரும் இடமாக இருந்தால் உங்கள் கணவர் பக்கம்தான் நான். மற்ற நாட்டுப் பிள்ளைகளை விட நம் பிள்ளைகள் ஏற்கெனவே ஒரு படி மேலே, கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் கையில் இருக்கிறது. அதோடு கென்யா, தான்சானியாவுக்கு சுவாஹிலி, மொசாம்பிக்குக்குப் போர்த்துகீசியம் என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் ஆள் வேறு. மலகாசி கற்றால் இன்னும் சுவையாக இருக்கும்: மடகாஸ்கர் நமக்குப் பக்கத்துத் தீவு, ஆனால் அந்த மொழியின் நெருங்கிய சொந்தம் போர்னியோவில் பேசும் மாஆன்யான். கடல் தாண்டி வந்தவர்கள் நாம் மட்டும் இல்லை!

சரி, வேலை. இங்கே மொரீஷியஸின் எபேனில் இந்தியப் பெருங்கடல் விளிம்பு நாடுகளின் சங்கமும் இந்தியப் பெருங்கடல் ஆணையமும் தலைமைச் செயலகம் வைத்திருக்கின்றன, வெளிநாட்டுப் பிள்ளைகள் அங்கே பயிற்சிக்கு இடம் தேடும்போது நமக்கு அது பக்கத்து ஊர். ஆனால் அங்கே இடங்கள் கொஞ்சம்தான், அதை நம்பி மட்டும் படிக்கவைக்க வேண்டாம். இங்கிருந்து ஆப்பிரிக்காவில் முதலீடு செய்யும் நிறுவனங்களிலும் வங்கிகளிலும்தான் வாய்ப்பு அதிகம். அதற்குக் கூடவே பொருளாதாரமோ சட்டமோ புள்ளியியலோ வேண்டும், இதில் பிடிவாதமாக இருங்கள். பட்டம் வாங்கி முதல் வேலை கிடைக்கக் கணக்கியல் படித்தவளை விட நாளாகலாம், அதையும் மறைக்க மாட்டேன்.

பள்ளியில் தமிழ் எடுத்தாளா? எடுத்திருந்தால் விடச் சொல்லாதீர்கள். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகளின் பதிவுகள் இருக்கின்றன. அந்தக் காலத்து எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களுக்குப் பின்னால் எந்த முத்து, எந்த வீரப்பன் இருக்கிறான் என்று தமிழ் தெரிந்தவளுக்குத்தான் சட்டென்று புரியும்.

என் யோசனை இதுதான். 2019 முதல் இங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை. அதனால் ரெடுயியில் உள்ள மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறோ பொருளாதாரமோ சமூகவியலோ படிக்கட்டும், அப்புறம் முதுகலைக்கு வெளியே போகலாம். டில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கவியல் துறை இருக்கிறது, இந்திய அரசின் ஐசிசிஆர் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பா என்றால் நெதர்லாந்தின் லைடனில் பழைய ஆப்பிரிக்கவியல் ஆய்வு மையம் ஒன்று உண்டு. பதினெட்டு வயதில் வீட்டை அடகு வைத்து லண்டன் அனுப்ப வேண்டியதில்லை. ஏசிசிஏ பின்னால் எழுத நினைத்தாலும் கதவு மூடாது, ஆனால் கணக்கியல் படித்தவர்களுக்குச் சில தேர்வுத் தாள்களை எழுதாமல் விடக் கிடைக்கும் விலக்கு இவளுக்குக் கிடைக்காது, அதைக் கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எந்த நாடு, எந்த மொழி, ஏன் என்று மகளை ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். சனிக்கிழமை மூன்று பேரும் வாருங்கள், அப்பா கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை.